எல்லைக்கு முன்னால் ஒலிக்க வேண்டிய மணி

1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட கடல் எல்லை ஒப்பந்தத்தில் ஆறு புள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளன. பாக் நீரிணையில் இரு நாடுகளுக்கும் நடுவே எல்லை என்பது அந்த ஆறு புள்ளிகளை இணைக்கும் கோடு. அதில் நான்காவது புள்ளி கச்சத்தீவுக்கு மேற்கே ஏறக்குறைய ஒரு கடல் மைல் தள்ளி விழுகிறது: வடக்கு 9 டிகிரி 21.80 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 30.70 நிமிடம்.

ராமேஸ்வரத்திலிருந்து நேர் கிழக்கே போனால் அந்தக் கோடு ஏறத்தாழ 12 கடல் மைல். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு நேரே அது சுமார் 5 மைல்தான். விசைப்படகு ஓட்டத்தில் எட்டு மைல் வேகம் எடுத்தால், துறைமுகத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எல்லைக்கு வந்துவிடலாம். இவ்வளவு நெருக்கமான கடலில், அதிலும் இருட்டில், படகு எங்கே நிற்கிறது என்று சொல்ல வீல்ஹவுஸில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. அந்தத் திரையில் வரும் எண்களை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக் கூடாது, எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விகளுக்கு இந்தக் கரையில் கருவி விற்கும் கடையைத் தவிர வேறு யாரும் நிதானமாகப் பதில் சொல்வதில்லை.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் இந்தக் கடலில் வழி தெரியாமல் யாரும் இருந்ததில்லை. கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றின் பின்னால் ஒன்று நேராக வரும்படி வைத்துக்கொண்டால் படகு ஒரு கோட்டில் நிற்கிறது. வேறு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களை அப்படியே நேர் வைத்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாறையான பார் இருக்கும், அல்லது வலையைக் கிழிக்கும் பழைய கப்பலின் மிச்சம் கிடக்கும். ராமநாதசுவாமி கோயில் கோபுரம், பாம்பன் கலங்கரை விளக்கம், பிறகு வந்த 323 மீட்டர் உயர ராமேஸ்வரம் தூர்தர்ஷன் கோபுரம் எல்லாம் கடலில் இருந்து பார்க்கிறவருக்கு அளவுகோல்கள். இந்த அறிவு தலைமுறையாக வந்தது. அதன் வரம்பும் தெளிவு: கரை கண்ணில் படாத தூரத்திலும், மாசி மாதத்து மூட்டத்திலும், நடு இரவிலும் அது கைகொடுக்காது.

ஜிபிஎஸ் செய்வதும் தெரிந்த இடங்களிலிருந்து தெரியாத இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலைதான். கோபுரங்களுக்குப் பதிலாகச் செயற்கைக்கோள்கள். பார்வைக் கோட்டுக்குப் பதிலாகத் தூரம்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் ஆறு பாதைகளில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம். ஒவ்வொன்றும் இடைவிடாமல், "நான் இன்னார், இப்போது இங்கே இருக்கிறேன், இந்தச் செய்தி கிளம்பிய நேரம் இது" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி ராமேஸ்வரம் படகுக்கு வந்து சேர ஒரு வினாடியில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. கிளம்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் கழித்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிய வேண்டும்.

ஆனால் நான்கு தேவைப்படுகின்றன. கையில் இருக்கும் கருவியின் கடிகாரம் அணுக் கடிகாரம் அல்ல, கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற சாதாரணக் குவார்ட்ஸ். ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் தவறிப்போகும். ஆகவே கருவி தன் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் தெரியாத ஒன்றாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரப் பிழை என்று தெரியாதவை நான்கு. அதனால்தான் நான்கு செயற்கைக்கோள்கள். விலை குறைந்த ஒரு கருவி இவ்வளவு துல்லியமாக இயங்குவதன் சூட்சுமம் இந்த நான்காவதில் இருக்கிறது.

மேலே இருக்கும் கடிகாரங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஐன்ஸ்டைன் சொன்னபடியே, வேகத்தாலும் ஈர்ப்பு குறைவதாலும் அவை நாளொன்றுக்கு நிகரமாக 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை சேரும். அதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் அந்தக் கடிகாரங்களை அமைத்திருக்கிறார்கள்.

இந்தச் செய்தி கரைக்கு வந்து சேரும்போது அதன் பலம் எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அவ்வளவு மெலிந்த செய்தியைத்தான் ஆன்டெனா பிடித்தாக வேண்டும். படகில் ஜிபிஎஸ் கெடுவதற்கான காரணத்தைப் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் தேட வேண்டியதில்லை. வீல்ஹவுஸ் கூரைக்கு ஏறி, ஆன்டெனா கம்பியும் கேபிளும் சேரும் இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் போதும். உப்புக் காற்று பட்டு, செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சிலர் அதன்மேல் துணியைச் சுற்றி நைலான் நூலால் கட்டியிருப்பார்கள். துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு களிம்பை இன்னும் சீக்கிரம் கொண்டுவரும். சுத்தம் செய்து, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவதுதான் சரி. ஆன்டெனா இரும்புக் கட்டமைப்பின் நிழலில் இல்லாமல், நாலு பக்கமும் வானம் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். புதுக் கருவி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பார்ப்பது நல்லது. பாதிப் பேருக்குப் புதுக் கருவியே தேவைப்படாது என்பது என் கணிப்பு.

கருவி எழுந்து இடம் சொல்ல ஏன் சில நேரம் நொடிகளும் சில நேரம் பல நிமிடங்களும் ஆகின்றன? ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு முறை சொல்லி முடிக்க 30 வினாடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம். நேற்று இரவு ஓடிய கருவிக்கு அட்டவணை கையில் இருக்கும், உடனே பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அணைந்தே கிடந்த கருவியிடம் இருக்கும் விவரங்கள் பழையவை. தடை முடிந்து முதல் நாள் டோக்கன் வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பும்போது திரை வெறுமையாக இருந்தால் கருவி கெட்டுவிட்டது என்று தட்டத் தேவையில்லை. படகு கரையில் இருக்கும்போதே, திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் ஓட விட வேண்டும்.

ராமநாதபுரம் கரைக்கே உரிய ஒரு பிழையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் இதுவே காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில், மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் அடர்த்தியாகவும் அமைதியில்லாமலும் இருக்கும். செயற்கைக்கோள் செய்தி அதன் வழியே வரும்போது தாமதமாகிறது. கருவி அந்தத் தாமதத்தைத் தூரமாக எண்ணிக்கொள்கிறது. சூரியன் மறைந்த பிறகான சில மணி நேரங்களில் அங்கே குமிழ்கள் எழும்பி, செய்தி மினுக்கி மினுக்கி வரும். சூரியப் புள்ளிகள் அதிகமாகும் ஆண்டுகளில் இது கூடும். விசைப்படகுகள் கடலில் இருக்கும் அதே நேரத்தில், இரவு எட்டு ஒன்பது மணிக்கு, திரையில் செயற்கைக்கோள் எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் பதற வேண்டாம். ஆனால் எல்லைக்கு அருகில் அந்த எண்களை ஒன்றிரண்டு மீட்டருக்குத் துல்லியமானவை என்று நம்பவும் வேண்டாம்.

இந்தப் பிழையைக் குறைக்கத்தான் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் அமைப்பை உருவாக்கின. நாடு முழுக்க நிலத்தில் நிற்கும் நிலையங்கள் பிழையை அளந்து, ஜிசாட்-8, ஜிசாட்-10 போன்ற செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தத்தை அனுப்புகின்றன. முதலில் விமானங்களுக்கு. 2019 அக்டோபரில் ஹைதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் ககன் மூலம் மீனவர்களுக்கு மீன் வளப் பகுதியும் புயல் எச்சரிக்கையும் சொல்லும் ஜெமினி என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக் கருவி வாங்கினால் அமைப்புப் பட்டியலில் 'வாஸ்' என்று ஒன்று இருக்கும். அதை இயக்கத்தில் வைத்தால் புதிய கருவிகள் ககனையும் எடுத்துக்கொள்ளும். மிகப் பழையவற்றுக்கு அது தெரியாது.

நம் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 2013 ஜூலை 1-இல் முதல் செயற்கைக்கோள், 2016 ஏப்ரலில் ஏழாவது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் போனது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2023 மே 29-இல் உள்நாட்டு ருபீடியம் கடிகாரத்தோடு என்விஎஸ்-01 நன்றாகப் போனது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் சென்ற என்விஎஸ்-02 சேர வேண்டிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை. எனவே வாங்குகிறவருக்கு நான் சொல்வது: ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலீலியோ இவற்றோடு நாவிக்கையும் சேர்த்துப் பிடிக்கும் கருவி கிடைத்தால் எடுங்கள். நாவிக்கை மட்டும் நம்பும் கருவி இப்போதைக்கு வேண்டாம்.

இனிதான் முக்கியமான இடம். படகு எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் சொல்கிறது. எல்லை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அதைக் கருவிக்குள் போட்டவர் ஒரு மனிதர். கடைக்காரரோ, பக்கத்துப் படகு டிரைவரோ, துறையில் யாரோ.

நான்காவது புள்ளியை மறுபடி பாருங்கள். 21.80 நிமிடம். அதாவது 21 நிமிடமும், ஒரு நிமிடத்தில் நூற்றில் எண்பது பங்கும். அது 48 வினாடி. கருவியில் எண்ணை மூன்று விதமாக அமைக்கலாம்: டிகிரி மட்டும், டிகிரியும் தசம நிமிடமும், டிகிரி நிமிடம் வினாடி. கருவி டிகிரி மட்டும் என்ற அமைப்பில் இருக்கும்போது இதை 9.2180, 79.3070 என்று அடித்துவிட்டால் அந்தப் புள்ளி 27 கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே நகர்ந்து, ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போய் விழும். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். ஆபத்து சின்னத் தவறில். மூன்றாவது புள்ளியின் அட்சரேகை 9 டிகிரி 40.15 நிமிடம். அதை 40 நிமிடம் 15 வினாடி என்று வாசித்தால் புள்ளி 185 மீட்டர் வடக்கே தள்ளிப்போகும். சரியான எண் 40 நிமிடம் 9 வினாடி. இந்த 185 மீட்டரை யாரும் கவனிக்க மாட்டார்கள், ரோந்துக் கப்பல் கவனிக்கும்.

இன்னொரு பிழை, வரைபட அடிப்படை. 1830-களில் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவத்தை வைத்துத்தான் இந்தியாவின் பழைய வரைபடங்கள் வரையப்பட்டன. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு வடிவம். ஒரே எண்ணை இரண்டிலும் குறித்தால் நூறு, இருநூறு மீட்டர் வித்தியாசம் வரும். கருவியின் பட்டியலில் 'இந்தியன்' என்று தொடங்கும் பெயர்களைப் பார்த்து, நம் ஊர்தானே என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. வேண்டாம், டபிள்யூஜிஎஸ் 84-லேயே விடுங்கள்.

கருவி விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத மூன்றாவது விஷயம் எச்சரிக்கை மணி. கையடக்கக் கருவிகள் பலவற்றில் இருப்பது ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, அதற்குள் போனால் ஒலிக்கும் மணி. எல்லையின் மூன்றாவது புள்ளிக்கும் நான்காவது புள்ளிக்கும் நடுவே 20 கடல் மைல். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஏறத்தாழ 29. புள்ளிகளைச் சுற்றி ஒரு மைல் வட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், நடுவில் உள்ள பதினெட்டு மைலில் எங்கே தாண்டினாலும் கருவி வாயே திறக்காது. கோட்டுக்கே மணி வைக்கக்கூடிய வரைபடக் கருவி, அதாவது சார்ட் பிளாட்டர், வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு இடைப்புள்ளியைக் கணக்கிட்டு உள்ளே போட வேண்டும். பொறுமையான வேலை, ஒரு தடைக்காலம் போதும்.

மணி எவ்வளவு முன்னால் ஒலிக்க வேண்டும்? இழுவை வலையான மடியை இழுக்கும்போது படகு மூன்று மைல் வேகத்தில் போகும். அரை மைலில் மணி வைத்தால் பத்து நிமிடம்தான் மிச்சம். மடி தண்ணீரில் கிடக்கும்போது பத்து நிமிடத்தில் திரும்ப முடியாது. இரண்டு மைலில் வைத்தால் நாற்பது நிமிடம். வாடைக் காலத்தில் நீரோட்டம் படகைத் தள்ளும்போது படகின் மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், படகு வேறு பக்கம் நகரும். திரையில் காட்டும் திசை மூக்கின் திசை அல்ல, தரைக்கு மேல் படகு உண்மையில் நகரும் திசை. எஞ்சினை நிறுத்திவிட்டு வலை எடுக்கும்போது அந்தத் திசையும் வேகமும் கொஞ்ச நேரம் தடுமாறும், எண்களை மட்டும் பாருங்கள்.

செல்போன் போதாதா என்பது நாட்டுப்படகில் போகிறவர்கள் கேட்கும் கேள்வி. சிக்னல் இல்லாத கடலிலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலியில் எல்லை எச்சரிக்கையும் இருக்கிறது. கரையை ஒட்டிப் போகும் வல்லத்துக்கு அது உதவும். ஆனால் ஈரக் கைக்குப் போன் திரை அடங்காது, உச்சி வெயிலில் எழுத்து தெரியாது, பேட்டரி ஒரு ராத்திரி தாங்காது. பொத்தான் உள்ள, தண்ணீரில் மிதக்கும் கையடக்கக் கருவி ஒன்று அதைவிட நம்பகமானது. பழைய கருவி வாங்குகிறவர் முதலில் அதில் தேதியைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் 1024 வாரங்களை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்தில் தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அது நடந்தது. அன்றிலிருந்து சில பழைய கருவிகள் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் தேதி காட்டுகின்றன. அப்படிப்பட்ட கருவிக்குத் தயாரித்த நிறுவனம் மென்பொருள் தருவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது என்று பொருள். விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. இன்று ஜிபிஎஸ் இல்லாத விசைப்படகு ராமேஸ்வரத்தில் அரிது. பிறகும் படகுகள் பிடிபடுகின்றன. எண் தப்பாகப் போட்டு, எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டுத் தாண்டுகிறவர்கள் உண்டு. தெரிந்தே தாண்டுகிறவர்களும் உண்டு, ஏனென்றால் இந்தப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது, இழுவை மடிகளால் பல காலமாக அரிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் மன்னார், யாழ்ப்பாணத் தமிழ் மீனவர்களின் சிறு வலைகள் நம் மடிகளில் அறுபடுகின்றன. இலங்கை 2017-இல் இழுவை மடியையே தடை செய்தது. அதே ஆண்டு இங்கே விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைத் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது, அது போக வேண்டிய வேகத்தில் போகவில்லை. அரசுகள் ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் கருவி கொடுப்பதைப் பற்றிப் பேசுகின்றன. தவறிப் போகிறவரைத்தான் கருவி தடுக்கும். பிழைப்புக்காகப் போகிறவருக்கு வேறு பிழைப்பு வேண்டும். இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்ப்பது இந்தக் கரைக்கு நியாயம் செய்வதாகாது.

குடும்பங்களில் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, காணாமல் போனால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது. ஜிபிஎஸ் கருவி கேட்கத்தான் செய்யும், பேசாது. படகு இருக்கும் இடம் படகுக்கு மட்டுமே தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரிக் கடலில் நடந்தது இதுதான். கருவிகள் இருந்தன, ஆழ்கடலுக்கு எச்சரிக்கை போகவில்லை, அங்கிருந்து குரலும் வரவில்லை. அதன் பிறகுதான் இருவழித் தொடர்பு பற்றிய வேலை வேகம் பிடித்தது. பிரதமர் மீன்வளத் திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் பணி 2024 ஆகஸ்ட் 30-இல் முறையாகத் தொடங்கப்பட்டது. அது படகின் இடத்தைக் கரைக்கு அனுப்பும், கரையின் எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுவரும், ஆபத்துப் பொத்தானும் அதில் உண்டு. நம்மை வேவு பார்க்கத்தான் இது என்று சிலர் அதன் மின்இணைப்பைக் கழற்றி வைக்கிறார்கள். அவர்கள் அச்சம் எனக்குப் புரிகிறது, பதிவாகும் தகவல் யார் கைக்குப் போகும் என்பதைத் துறை எழுத்தில் சொல்ல வேண்டும். ஆனாலும் அதைக் கழற்றாதீர்கள்.

டிரான்ஸ்பாண்டர் இல்லாத படகில் விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல், கைபேசிக்குச் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554. கூப்பிடும்போது படகின் பெயரும் எண்ணும் சொல்லி, இடத்தை ஒவ்வோர் எண்ணாக வாசிக்க வேண்டும்: வடக்கு ஒன்பது டிகிரி, ஒன்று எட்டு புள்ளி நான்கு ஐந்து நிமிடம். 'புள்ளி' என்ற சொல்லை விட்டுவிட்டால் தேடி வருகிற கப்பல் அந்த நான்கு ஐந்தை வினாடியாக எடுத்துக்கொண்டு அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தேடும். டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, டிரைவரே கடலில் விழுந்திருக்கலாம். படகில் வயதில் சின்னவர் யாரோ அவருக்குத் திரையில் எந்த வரி அட்சரேகை, எந்த வரி தீர்க்கரேகை என்று காட்டி, கரையில் வைத்தே இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.